இடம் குறித்துக் கொடுப்பது யார்?

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழு. அதன் உடல் கண்ணாடி போலத் தெளிந்தது. 1960களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இதை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். அவரும் ஜான் ஒயிட் முதலானோரும் புழுவை மிக மெல்லிய சீவல்களாக்கி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, 302 நியூரான்களின் இணைப்புகளை 1986இல் வரைபடமாக வெளியிட்டார்கள். அதில் ஒரு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் சந்திப்புகளான வேதிச் சினாப்ஸ்கள் சுமார் 5,000 இருந்தன. ஒரு புழுவில் கண்ட இணைப்பு பெரும்பாலும் அடுத்த புழுவிலும் இருந்தது. அப்படியானால் ஒவ்வொரு சினாப்ஸுக்கும் இடம் குறித்துக் கொடுப்பது யார்?

முட்டையிடுதலை இயக்கும் ஹெச்எஸ்என் என்ற நியூரான் இதற்கு விடை சொன்னது. அதன் நீண்ட இழையான ஆக்சான் உடலின் நடுப்பகுதியிலிருந்து தலைவரை நீள்கிறது. வழியில் எத்தனையோ செல்களை உரசிச் சென்றாலும், சினாப்ஸ்கள் திரள்வது முட்டைவாய்க்கு அருகில்தான். சினாப்ஸில் இருக்கும் புரதத்தோடு பச்சையாய் ஒளிரும் புரதத்தை இணைத்துப் பார்த்தால், இருளில் கிடக்கும் நூலில் அந்த ஓரிடத்தில் மட்டும் மணிகள் கோத்தாற்போல் மின்னும்.

இந்த மணிகள் இடம் மாறிக் கிடந்த திரிபுப் புழுக்களை ஆய்வாளர்கள் காங் ஷென்னும் கொர்னீலியா பார்க்மனும் தேடிப் பிடித்தார்கள். அவற்றில் பழுதுபட்டிருந்த எஸ்ஒய்ஜி-1 மரபணுவை 2003இல் அறிவித்தார்கள். இம்மரபணு தரும் புரதம் ஆக்சானின் மேற்பரப்பில் நிற்கிறது. அது பற்றிக்கொள்ளும் இணைப் புரதமான எஸ்ஒய்ஜி-2 அடுத்த ஆண்டு தெரியவந்தது. இந்த இணை நரம்பிலோ தசையிலோ இல்லை, முட்டைவாயின் புறப்படலச் செல்களில் இருந்தது. அங்கும் சிறிது காலமே தோன்றி மறைந்தது. சினாப்ஸில் பங்கே இல்லாத மூன்றாவது செல் இடத்தைக் காட்டிவிட்டு ஒதுங்குகிறது! நம் அக இலக்கியத்தின் தோழி நினைவுக்கு வருகிறாள். கூடுவோர் இருவர், கூடும் இடத்தைக் குறிப்பவள் அவள்.

இடம் குறித்ததோடு வேலை முடிவதில்லை. இளம் புழுவில் வேறிடத்திலும் சில சினாப்ஸ்கள் முளைக்கின்றன. யுபிக்விடின் முத்திரை குத்திப் புரதங்களை அழிவுக்கு அனுப்பும் நொதித் தொகுதி அவற்றைக் களைகிறது. எஸ்ஒய்ஜி-1 நிற்கும் இடத்தில் அந்தத் தொகுதி கூடவே முடியாது, அங்குள்ளவை பிழைக்கின்றன. 2007இல் தெரிந்த உண்மை இது.

அதே ஆண்டு ஷென்னின் ஆய்வகம் ‘இங்கே வேண்டாம்’ என்னும் குறிப்பையும் கண்டது. வால் நுனியின் செல்கள் வின்ட் என்னும் குறிப்புப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த லின்-44ஐச் சுரக்கின்றன. டிஏ9 நியூரானின் ஆக்சானில், வாலை ஒட்டிய பகுதியில் லின்-17 என்ற ஏற்பி அதைப் பெற்றுச் சினாப்ஸ் உருவாவதைத் தடுக்கிறது. இரண்டில் ஒன்று பழுதானாலும் வெறுமையாய் இருக்கவேண்டிய அந்தப் பகுதியில் சினாப்ஸ்கள் முளைத்துவிடுகின்றன. நரம்பு மண்டலத்தின் ஒழுங்குக்கு அழைப்பும் வேண்டும், மறுப்பும் வேண்டும்.

எஸ்ஒய்ஜி-2இன் உறவுப் புரதம் நம் உடலிலும் உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வில் அண்டைச் செல்களைப் பிணைக்கும் நெஃப்ரின்தான் அது. அதன் மரபணு பழுதானால் பிறந்த குழந்தையின் சிறுநீரில் புரதம் கசிகிறது. புழுவில் முட்டையிட உதவும் பிடிப்பின் இன்னொரு வடிவம் நம் குருதியைக் காக்கிறது. செல்லும் செல்லும் சரியான இடத்தில் கைகோப்பதே உயிரின் கட்டுமானம் என்பதை இந்தச் சிறு புழுவிடம் கற்றோம்.