34 அடியும் கொங்குநாட்டுக் கிணறும்

கோயமுத்தூர்ப் பக்கம் பழைய தோட்டத்துக் கிணறு எதையாச்சும் எட்டிப் பாத்திருக்கீங்களா? 80 அடி, 100 அடி ஆழம் இருக்கும். பாதிச் சுவத்துல பாறையைக் குடைஞ்சு ஒரு மேடை தெரியும். மோட்டாரும் பம்பும் உக்காந்திருந்த இடம் அது. வெளியூர்க்காரங்க கேப்பாங்க, "ஏங்க, மோட்டாரைக் கரைமேல வெச்சா ஷாக்குப் பயமும் இல்ல, ஏறி எறங்கற வேலையும் இல்லையே?"

நியாயமான கேள்விதான். பதிலுக்குக் கொஞ்சம் இத்தாலி வரைக்கும் போகணும் :-)

மொதல்ல மாட்டைப் பத்திச் சொல்லிர்றேன். கரண்டுக்கு முன்னாடி இங்க எல்லாம் கவலைதான் (மனக்கவலை இல்லீங்க, கவலை ஏற்றம்). மாடு சரிவுல எறங்கும், வடம் இழுக்கும், சால் நெறைஞ்சு மேல வரும், வால்கயிறைத் தளர்த்தினா தும்பி வழியா வாய்க்கால்ல கொட்டும். 1800ல இந்தப் பக்கம் சுத்தின புக்கானன்கூட இந்தக் கபிலையைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். கவலைக்கு ஆழம் ஒரு தடையே இல்ல. கயிறு நீளமா இருந்தாப் போதும், மாட்டுக்குத் தெம்பு இருந்தாப் போதும்.

1932ல பைக்காரா மின்சாரம் வந்துச்சு. நீலகிரியில சுமார் 3,000 அடி உயரத்துலருந்து குழாய்ல விழற தண்ணி. அடியில அதோட அழுத்தம் காத்தழுத்தத்தப் போல ஏறக்குறைய 90 மடங்கு! மலைமேல தண்ணி எறங்கற வேகத்துல, கீழ கிணத்துல தண்ணி ஏற ஆரம்பிச்சுது. 1937ல பீளமேட்டுல, ஜி.டி.நாயுடுவோட நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ்ல டி.பாலசுந்தரம் நாயுடு மோட்டார் செஞ்சார். அப்புறம் ஊரே பம்பு ஊராச்சு.

ஆனா பம்பு மாடு மாதிரி இல்ல. கரைமேல வெச்ச பம்பு தண்ணிய 'இழுக்குது'ன்னு நாம சொல்றோம். உண்மையில அது இழுக்கறதே இல்ல. குழாய்க்குள்ள அழுத்தத்தக் குறைக்குது, அவ்வளவுதான். தண்ணிய மேல தள்ளறது கிணத்துத் தண்ணிமேல உக்காந்திருக்கற காத்து. காத்துக்கு இருக்கற பலம் எத்தனை அடித் தண்ணியத் தாங்குமோ அத்தனை அடிதான் ஏறும்.

கிணறு தோண்டறவங்க இந்த எல்லைய இத்தாலியிலயும் பாத்திருக்காங்க. 1638ல வந்த புத்தகத்துல கலிலியோ, நீளக் கயிறு தன் கனத்துலயே அறுந்து போற மாதிரி தண்ணித் தூணும் அறுந்துடுதுன்னு விளக்கம் சொன்னார். அத்தனை பெரிய மனுசன் சொன்னது சறுக்கிடுச்சு! அவரோட சீடர் டாரிசெல்லி 1643ல, தண்ணியப் போல 13.6 மடங்கு கனமான பாதரசத்தைக் கண்ணாடிக் குழாய்ல கவுத்துப் பாத்தார். 76 செ.மீ.ல நின்னுச்சு. 13.6ஆல பெருக்கிப் பாருங்க, 10.3 மீட்டர், அதாவது 34 அடி. 1648ல பாஸ்கல் தன் மச்சானை மலை ஏத்திப் பாத்தப்ப, மேல போகப் போகப் பாதரசம் எறங்குச்சு.

கோயமுத்தூர் கடல்மட்டத்துக்கு சுமார் 400 மீட்டர் மேல இருக்கு. அதனால நமக்கு 34 அடியும் கெடையாது, 32தான். அதுல, அழுத்தம் ரொம்பக் குறைஞ்சா வெயில் ஊர்த் தண்ணி குழாய்க்குள்ளயே ஆவியாக ஆரம்பிக்கும். புட்வால்வு, வளைவு, உரசல்னு இன்னும் கழிச்சா நடைமுறையில 20, 25 அடிக்கு மேல நம்ப முடியாது. அதான் மோட்டாரைத் தண்ணிகிட்டக் கொண்டு போனாங்க. பம்புக்குக் கீழதான் இந்தக் கட்டுப்பாடு, மேல எத்தனை அடி வேணா தள்ளலாம்.

கோடையில தண்ணி எறங்கினா மோட்டாரையும் எறக்கணும். ராத்திரி மழை பேஞ்சு ஊத்து பெருகினா, முழுகறதுக்குள்ள கப்பி கட்டி மேல தூக்கணும். காத்து புடிச்சுட்டா, குழாய்ல தண்ணி ஊத்த பாதிக் கிணறு எறங்கணும். வழுக்கற படி, ஈரக்கை, மூணு ஃபேஸ் கரண்டு. யோசிச்சுக்கோங்க.

இன்னொண்ணு, பலரும் கவனிக்காதது. 100 அடியில இருந்து ஒரு குடம் ஏத்தறதுக்கு, 20 அடியில இருந்து ஏத்தறதைப் போல அஞ்சு மடங்கு கரண்டு வேணும். அப்ப யூனிட்டுக்குப் பைசாக்கணக்குல ஏத்தினாலும், மேட்டாங்காட்டுக்காரனுக்கு அது அஞ்சு பங்கா விழும். 1970ல பெருமாநல்லூர்ல மின்கட்டணத்துக்காக விவசாயிங்க துப்பாக்கிச்சூட்டுல செத்ததும், 1972ல நாராயணசாமி நாயுடு தலைமையில கோவையே மாட்டுவண்டியால அடைபட்டதும் இதே கொங்கு மண்ணுல நடந்ததை ஆழத்தோட சேத்துத்தான் படிக்கணும்னு எனக்குத் தோணுது. "ரெண்டு பைசாவுக்கா இவ்வளவு?"ன்னு கேக்கறவங்க 100 அடிக் கிணத்தை எட்டிப் பாக்கலை.

அப்புறம் ஜெட் பம்பு, போர்வெல், கம்ப்ரசர், சப்மெர்சிபிள்னு வந்துச்சு. சப்மெர்சிபிள் தண்ணிக்குள்ளயே இருந்து தள்ளறதால 34 அடிக் கணக்கே இல்லாமப் போச்சு. ஆனா 1,000 அடி போர்னா 30 மடங்கு காத்தழுத்தத்துக்கு மேல தள்ளணும். கம்ப்ரசர் வேற ரகம். காத்தை அடியில ஊதி, குமிழி கலந்த தண்ணிய லேசாக்கும். வெளிய இருக்கற கனமான தண்ணி அதை மேல தள்ளிடும். கரண்டைத் தின்னும், ஆனா ஊத்து கம்மியா, மண்ணு கலந்து வர்ற போர்ல அதான் தாக்குப் பிடிக்கும்.

சாலுக்கும் தும்பிக்கும் உங்க ஊர்ல என்ன பேருங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.