ஊசிமுனை வரலாறு – 14: ஐம்பது சென்ட்டுக்கு ஒரு தடுப்பூசி

டிசம்பர் பிறந்தால் சகாராவிலிருந்து ஹர்மட்டான் கிளம்பும். புழுதியை அள்ளிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க வீசும் வறட்டுக் காற்று அது. உதடு வெடிக்கும், தொண்டை புண்ணாகும். மழை இறங்கும்வரை அங்கே பெற்றவர்களுக்கு ஒரே கவலைதான்: காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கழுத்து விறைக்கிறதா?

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வை மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியா தாக்குவதால் வரும் மெனிஞ்சைட்டிஸ் நோய் இது. கொசு கடித்து வருவதையும் இதையும் நாம் ஒரே பெயரில் ‘மூளைக்காய்ச்சல்’ என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இரண்டும் வேறு வேறு. இது எச்சில், சளி வழியே ஆளுக்கு ஆள் தொற்றுவது. நேற்று ஓடியாடிய குழந்தை இன்று இருக்காது. பிழைத்தாலும் சிலருக்குக் காது போய்விடும்.

செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் அந்த நிலப்பரப்புக்கு ‘மெனிஞ்சைட்டிஸ் பட்டை’ என்று பெயர். 1963இல் அதை வரையறுத்துக் காட்டியவர் லாபெய்சோனி என்ற பிரெஞ்சு மருத்துவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே பெரிய கொள்ளைநோயாக வெடிக்கும். 1996–97இல் வந்ததுதான் உச்சம். சுமார் 2,50,000 பேர் படுத்தார்கள். 25,000 பேர் எழுந்திருக்கவில்லை.

அப்போது தடுப்பூசி இல்லையா? இருந்தது. 1960களில் அமெரிக்க ராணுவ முகாம்களில் சல்ஃபா மருந்துகளுக்கு இந்தக் கிருமி அடங்க மறுத்தபோது, வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தில் எமில் காட்ஷ்லிக்கும் கூட்டாளிகளும் கிருமியின் மேலுறையிலிருந்த சர்க்கரைப் பொருளைப் பிரித்தெடுத்துத் தடுப்பூசியாக்கினார்கள். வயதுவந்த சிப்பாய்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கைக்குழந்தைகளின் உடலோ வெறும் சர்க்கரையைச் சட்டை செய்வதில்லை. போட்டவர்களுக்கும் சில ஆண்டுகளில் வீரியம் போய்விடும். தொண்டையில் சத்தமில்லாமல் குடியிருந்து அடுத்தவருக்குத் தாவும் கிருமியை அது விரட்டுவதும் இல்லை. எனவே நோய் வெடித்த பிறகு ஊசியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே ஆப்பிரிக்காவில் வழக்கமாயிற்று. வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டுகிற கதை.

மாற்று வழி தெரிந்தேதான் இருந்தது. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துவிட்டால் குழந்தையின் உடலும் அதை எதிரியாகக் கண்டுகொள்ளும், நினைவிலும் வைத்துக்கொள்ளும். இந்த முறையில் ‘சி’ வகைக் கிருமிக்கான ஊசியை 1999இல் பிரிட்டன் போடத் தொடங்கியது. ஆப்பிரிக்காவைச் சூறையாடியதோ ‘ஏ’ வகை. பணக்கார நாடுகளில் அது அனேகமாக இல்லை. வாங்க ஆளில்லாத சரக்கை யார் செய்வார்கள்?

2001இல் கேட்ஸ் அறக்கட்டளை ஏழு கோடி டாலர் கொடுத்தது. பாத் என்ற அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கைகோத்தன. தலைமை ஏற்றவர் மார்க் லாஃபோர்ஸ் என்ற மருத்துவர். அவர் குழு முதலில் ஆப்பிரிக்க சுகாதார அதிகாரிகளிடம் போய் உட்கார்ந்தது. எவ்வளவு கொடுக்க முடியும்? ஒரு ஊசிக்கு ஐம்பது சென்ட்டுக்கு மேல் தாங்காது என்பதுதான் பதில். அன்றைய மதிப்பில் 24 ரூபாய்கூட வராது. மருந்தைச் செய்துவிட்டு விலை போடுவதுதான் உலக நடைமுறை. இங்கே விலைச்சீட்டு முதலில் எழுதப்பட்டது. அதற்குள் அடங்கும்படி மருந்தைத் தேடினார்கள். என் கண்ணுக்கு, இந்தக் கதையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பே அந்த விலைச்சீட்டுதான்.

பெரிய கம்பெனிகளோடு நடந்த பேச்சு முறிந்தது. லாஃபோர்ஸ் குழு துண்டு துண்டாகச் சேகரிக்க ஆரம்பித்தது. சர்க்கரைப் பொருள் ஆம்ஸ்டர்டாமில் ஒரு நிறுவனத்திடமிருந்து. பிணைக்கும் நுட்பம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வகத்திலிருந்து. சர்க்கரையைப் பிணைக்க வேண்டிய புரதமான டெட்டனஸ் டாக்ஸாய்டை ஏற்கெனவே மலிவாகவும் ஏராளமாகவும் தயாரித்துக்கொண்டிருந்தது புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட். வேலை அங்கே போனது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. சென்ற வாரம் நியூயார்க்கின் சைமன் ஃப்ளெக்ஸ்னரைப் பார்த்தோம் அல்லவா? குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தால் இதே நோய்க்கு வைத்தியம் பார்த்தவர். சீரம் இன்ஸ்டிட்யூட்டின் பூர்வீகமும் குதிரைதான். பூனாவாலா குடும்பம் பந்தயக் குதிரை வளர்த்தது. ஓடி ஓய்ந்தவை சீரம் எடுப்பதற்காக மும்பை ஹாஃப்கின் நிலையத்துக்குப் போயின. அந்தத் தொழிலை நாமே செய்யலாமே என்று 1966இல் சைரஸ் பூனாவாலா தொடங்கியதுதான் இந்த நிறுவனம்.

மாலியிலும் காம்பியாவிலும் செனகலிலும் இந்தியாவிலும் சோதித்துப் பார்த்தார்கள். மென்ஆஃப்ரிவேக் என்று பெயர் வைத்தார்கள். 2010 டிசம்பர் 6 அன்று புர்கினா ஃபாஸோவின் தலைநகர் வாகடூகுவில் முதல் பெரும் முகாம். 1 முதல் 29 வயது வரை எல்லோருக்கும் ஊசி. கிருமியைத் தொண்டையில் சுமந்து திரிபவர்கள் பெரும்பாலும் இந்த வயதினர் என்பது கணக்கு. பத்தே நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் கையை நீட்டியிருந்தார்கள்.

கரண்ட் இல்லாத ஊர்களில் ஐஸ் பெட்டியைச் சுமப்பதே பெரும்பாடு. 40 டிகிரி வெயிலிலும் நான்கு நாள் வரை இந்த மருந்து கெடாது என்று உறுதியானதும், 2012 இறுதியில் பெனின் நாட்டில் ஐஸ் இல்லாமலே கொண்டுபோய்ப் போட்டார்கள்.

சாட் நாட்டில் ஒரு வேடிக்கையான எண்ணிக்கை எடுக்கப்பட்டது. ஊசிக்கு முன்பு 4,278 பேரின் தொண்டையைத் துடைத்துப் பார்த்ததில் 32 பேரிடம் ‘ஏ’ வகை இருந்தது. ஊசிக்குப் பிறகு 5,001 பேரைப் பார்த்தார்கள். ஒரே ஒருவர்! பழைய ஊசியால் முடியாமல் போனது இதுதான். 2017க்குப் பிறகு அந்தப் பட்டையில் ‘ஏ’ வகை நோயாளி ஒருவர்கூட உறுதிசெய்யப்படவில்லை.

ஆனால் ‘ஏ’ காலி செய்துபோன திண்ணையில் பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள். 2015இல் நைஜரில் ‘சி’ வகை வெடித்தது. புனேக்காரர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்; ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் என்று ஐந்து வகைக்கும் சேர்த்து ஒரே ஊசி தயாரானது. 2024 மார்ச் கடைசியில், ஹர்மட்டான் இன்னும் முழுதாக அடங்காத நேரத்தில், வடக்கு நைஜீரியாவின் பவுச்சி, கோம்பே, ஜிகாவா, யோபே மாநிலங்களில் அதை முதன்முதலாகப் போட்டார்கள்.

(தொடரும்)