இலையைக் கழுவினால் நஞ்சு போகுமா?

புகையிலை அமெரிக்க மண்ணின் பயிர். ஆகவே நம் முற்கால ஃபிக்ஹு நூல்களில் அதன் பெயரே இல்லை. 1604 வாக்கில் பீஜாப்பூரிலிருந்து திரும்பிய அசத் பேக் அதை அக்பரின் அவைக்குக் கொண்டுவந்தார். பாதுஷா சிலமுறை இழுத்துப் பார்த்தார். நம் மருத்துவ நூல்களில் காணப்படாத பொருள் இது என்று ஹகீம் தடுத்தார். பாதுஷா விட்டுவிட்டார், பிரபுக்கள் விடவில்லை. 1617இல் ஜஹாங்கீரும், 1633இல் உதுமானிய சுல்தான் நான்காம் முராதும் தடைவிதித்தும் பழக்கம் ஒழியவில்லை.

இலையைக் கைவிட மனமில்லாதவர்கள் அதன் கடுமையைக் குறைக்க முயன்றனர். வெல்லப்பாகும் பழமும் வாசனைப் பொருள்களும் சேர்த்துப் பிசைந்தனர். ஹுக்காவில் புகையை நீர்வழியே இழுத்தனர். நீர் நஞ்சைக் கழுவிவிடும் என்று நம்பினர். நீர் புகையைக் குளிரச் செய்ததே தவிர, நஞ்சை நீக்கவில்லை.

ஹராமா, மக்ரூஹா, ஆகுமானதா என்று உலமாக்கள் நெடுங்காலம் வாதிட்டனர். திமிஷ்கின் அப்துல் கனீ நாபுலுஸீ ஆகுமென்றே தனிநூல் எழுதினார். 1828இல் ஹைடல்பெர்க்கில் நிக்கோட்டின் பிரித்தெடுக்கப்பட்டதும், 1950இல் வெளியான ஆய்வுகள் புகைப்பழக்கத்தையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்துக் காட்டியதும் அவர் காலத்துக்குப் பிந்தியவை. தீங்கு தெளிவான பின்னர் ஹராம் என்று தீர்ப்பளித்த உலமாக்கள் பலர்.

இன்று அதே பழைய நம்பிக்கை மின்சிகரெட்டுடன் திரும்பியுள்ளது. இந்தியா 2019இல் அதைத் தடைசெய்தது. ஆயினும் வெளிநாடுகளில் சிலர், புகையிலையை நறுக்கி, புரோப்பிலீன் கிளைக்காலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, வடிகட்டி, வீட்டிலேயே சுவைச்சாறு தயாரிக்கின்றனர். "புகையில்லை, இயற்கையான சாறுதானே" என்பது அவர்கள் வாதம்.

வடிதாள் இலைத்துணுக்கைத்தான் நிறுத்தும், கரைந்ததை நிறுத்தாது. மணத்தை இழுக்கும் திரவமே நிக்கோட்டினையும், புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களையும் இழுத்துவருகிறது. எவ்வளவு வந்தது என்பதை வீட்டில் அளக்க வழியில்லை. நிக்கோட்டின் தோல்வழியாகவும் உடலில் சேரும். நிக்கோட்டின் கலந்த திரவத்தைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நானூறு ஆண்டுகளாக மனிதன் இலையின் சுவையை வைத்துக்கொண்டு தீங்கை மட்டும் களைய முயல்கிறான். களைய முடிந்ததில்லை. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இவ்வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவைப்போம். அல்லாஹ் அவர்களைக் காத்தருள்வானாக.