வசைமொழி காட்டும் இரு காலங்கள்

வரலாற்றுக் கதை புனைவோர்க்கு மன்னனின் புகழுரை எளிதிற் கிட்டும். அவன் கப்பலில் பணிபுரிந்த மாலுமி சினந்து உதிர்த்த சொல் அத்துணை எளிதிற் கிட்டாது. நம் கல்வெட்டுகளில் அறக்கொடையை அழிப்போர்க்கான சாபம் உண்டு. சந்தையில் இருவர் ஏசிக்கொண்ட மொழியை எவரும் கல்லில் பொறித்து வைக்கவில்லை. ஆகவே, பழங்காலத்து மாந்தனை ஏசவைக்க விரும்பும் எழுத்தாளன் ஏச்சையும் தானே படைத்துக்கொள்ள வேண்டியவனாகிறான். அப்படைப்புக்கு ஒரு நெறி உண்டா என்பதைப் பெல்ஜிய நாட்டுச் சித்திரக்கதை ஆசிரியர் எர்ஜே (1907–1983) வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எர்ஜேயின் டின்டின் கதைவரிசையில் காப்டன் ஹாடாக் என்னும் மாலுமி 1941இல் தோன்றினான். அக்கதை அப்போது 'லெ ஸ்வார்' நாளிதழின் சிறுவர் பகுதியில் வெளிவந்துகொண்டிருந்தது. குடியும் சினமும் மிக்க மாலுமி ஏசாதிருத்தல் இயற்கையன்று. சிறுவர் ஏட்டிலோ இழிசொல் அச்சேறலாகாது. இவ்விடர்ப்பாட்டில் அவருக்கு உதவியது ஒரு பழைய நினைவு. இத்தாலி, பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி ஆகியவை 1933இல் செய்துகொண்ட நால்வல்லரசு ஒப்பந்தம் ஊர்ப்பேச்சாயிருந்த காலத்தில், வணிகர் ஒருவர் தம்மோடு பூசலிட்டவரை அவ்வொப்பந்தத்தின் பெயராலேயே ஏசக் கேட்டதாக எர்ஜே பின்னாளில் நினைவுகூர்ந்தார். அங்கே வசை சொல்லின் பொருளில் இல்லை. சொல்லிய குரலில் இருந்தது. இதனைப் பற்றிக்கொண்டு, தொடக்கமும் முடிவும் இயையாத வாக்கியத்தைக் குறிக்கும் 'அனகோலூத்' என்ற இலக்கணச் சொல்லையும், ஆவி அழைப்போர் வழங்கிய 'எக்டோபிளாசம்' என்ற சொல்லையும் ஹாடாக்கின் ஏசுசொற்கள் ஆக்கினார்.

உண்மையான வரலாற்றுச் சிக்கல் 1942ஆம் ஆண்டில் தொடங்கிய 'யூனிகார்னின் இரகசியம்' என்ற கதையில் எழுந்தது. அதில் ஹாடாக்கின் மூதாதை, 14ஆம் லூயி மன்னனின் கடற்படைத் தலைவனாக 1698இல் கடற்கொள்ளையரோடு பொருதுகின்றான். 'எக்டோபிளாசம்' 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த சொல். மூதாதையின் காலத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் ஹாடாக்கின் ஓயாத ஆணைமொழியாகிய 'ஆயிரம் சபோர்' என்பதைக் கருதுக. 'சபோர்' என்பது பீரங்கியின் வாயை வெளியே நீட்டுதற்குப் போர்க்கலத்தின் பக்கத்தில் வெட்டிய திறப்பு. 20ஆம் நூற்றாண்டுச் சரக்குக் கப்பலின் தலைவனுக்கு அத்திறப்புகளோடு தொடர்பில்லை. மூதாதைக்கு அவையே உயிர். பேரன் வாயில் பொருளிழந்து நின்ற சொல் பாட்டன் வாயில் பொருள் பெறுகின்றது. 1943இல் தொடர்ந்த அடுத்த கதையில், மூதாதை ஒதுங்கி வாழ்ந்த தீவின் கிளிகள் அவனுடைய ஏச்சுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக் கூவுகின்றன. ஏடு காக்காத பேச்சுமொழியைக் கிளி காத்தது என்ற இக்கற்பனை, மொழி வரலாறு பயில்வோர்க்குப் பெரிதும் இனிப்பது.

எனினும் 1698இன் மாலுமி மெய்யாகவே இவ்வாறு பேசியிருப்பானா? அக்காலம் அஞ்சிய சொல் வேறு. 14ஆம் லூயி 1666இல் பிறப்பித்த ஆணை, இறைவன் பெயரால் இழித்துப் பேசுவோர்க்கு முதலில் தண்டம் விதித்தது. குற்றம் பன்முறை தொடரின் உதட்டையும் இறுதியில் நாவையும் அறுக்கலாம் என்றது. மக்கள் அதற்கும் வழி கண்டனர். கடவுளைக் குறிக்கும் 'தியூ' என்ற சொல் வரவேண்டிய இடத்தில் நீலநிறத்தைக் குறிக்கும் 'ப்ளூ' என்பதை அமைத்து, 'மோர்ப்ளூ', 'பார்ப்ளூ' என ஆணையிட்டனர். தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பகுத்தமை இங்கு நம் நினைவுக்கு வரும். பழிகரப்பு வசையின் குறியை மறைப்பது. இவர்கள் மறைத்தது ஆணையின் தெய்வத்தை. தீங்கற்ற சொல்லை இட்டுத் தீய சொல்லைக் கரக்கும் எர்ஜேயின் உத்தி, இவ்வாறு அவர் அறிந்தோ அறியாமலோ அக்காலத்து உத்தியாகவே அமைந்துவிட்டது.

ஆனால் அவருடைய எல்லாச் சொல்லும் தீங்கற்றவை அல்ல. ஆஸ்டெக், சப்போடெக், பாப்புவா, படகோனியர், சூலு முதலிய மக்கட் பெயர்களும் ஹாடாக்கின் வசைப்பட்டியலில் உள்ளன. இலக்கணச் சொல்லை வசையாக்கக் குரல் போதும். ஒரு மக்களின் பெயரை வசையாக்கக் குரல் மட்டும் போதாது. அம்மக்கள் தாழ்ந்தோர் என்ற எண்ணம் கேட்போரிடம் முன்னரே இருத்தல் வேண்டும். 1960 வரை காங்கோவை ஆண்ட பெல்ஜியத்தில் அவ்வெண்ணம் தேடாமலே கிடைத்தது. 1698ஐக் காட்டப் புகுந்த கதைவரிசை 1940களையும் காட்டிவிடுகின்றது. புனைந்த வசைமொழி ஒவ்வொன்றும் இரு காலங்களைச் சுமக்கின்றது: ஒன்று கதை நிகழும் காலம், மற்றொன்று அதனைப் புனைந்தவர் காலம்.

இவ்வுண்மை தமிழில் வரலாற்றுப் புனைவு எழுதுவோர்க்கும் உரியது. சோழர் காலச் சுவை வேண்டி ஒரு வீரன் வாயில் பிறப்பையும் தொழிலையும் உடற்குறையையும் கைம்மையையும் பழிக்கும் சொல்லை வைப்பவர், 'அன்று அப்படித்தான் பேசினர்' என்று அமைதி கூறுவர். அன்று பேசியது உண்மையாகவே இருக்கட்டும். அச்சொல்லைத் தேர்ந்தெடுத்த கை இன்றைய கை. அது தைக்கும் நெஞ்சமும் இன்றைய நெஞ்சமே. கொடுமையைக் காட்ட அச்சொல் வேண்டுமாயின் எழுதுக. அப்பொழுது அதன் வலியும் கதையில் இடம்பெறுதல் வேண்டும். நகைப்புக்காயின் வேறு வழி நாடுக. பாய்மரமும் நங்கூரமும் சுங்கமும் மரக்காலும் நிறைந்த அவ்வுலகில், ஒருவன் தன் தொழிற்கருவியைக் கொண்டே பிறனை ஏசச் சொற்கள் எத்தனையோ உண்டு.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தில் புகழ்பாடும் கவிஞர் பலர் உளர். ஏசவும் கற்போம், யாரை ஏசுகின்றோம் என்பதை அறிந்து ஏசுவோம். நம் சொற்களையும் நாளை ஏதோ ஒரு கிளி கூவக்கூடும்.