ஒரே மவுஸில் 2, 3 கம்ப்யூட்டர்களை இயக்க முடியுமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

ராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள ஒரு தோல் ஏற்றுமதி ஆபீஸை நினைத்துப் பாருங்கள். அக்கவுண்ட்ஸ் மேஜையில் ஒரு டெஸ்க்டாப். அதில் டேலி ஓடும். ஜிஎஸ்டி, சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளங்களுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அதில்தான் செருகியிருக்கும். பக்கத்தில் ஒரு லேப்டாப். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் மெயில் எல்லாம் அதில் வரும். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு மவுஸ். அவசரத்தில் கை தவறான மவுஸைப் பிடிப்பது தினமும் நடக்கிற கதை.

இதற்குத் தீர்வாக பலர் கடைக்குப் போய், "ஒயர்லெஸ் மவுஸ் ஒண்ணு கொடுங்க" என்று கேட்கிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

ஒயர்லெஸ் என்றால் எல்லா கம்ப்யூட்டரிலும் வேலை செய்யுமா?

செய்யாது. சாதாரண ஒயர்லெஸ் மவுஸோடு யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர் ஒன்று வரும். அது எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ, அதில் மட்டும்தான் மவுஸ் ஓடும். இன்னொன்றில் வேண்டுமென்றால் பிடுங்கி மாற்ற வேண்டும். மாற்றி மாற்றிச் செருகும்போது ரிசீவர் தொலையும் வாய்ப்பும் அதிகம். விலை குறைந்த பல மாடல்களுக்கு ரிசீவர் தனியாகக் கிடைப்பதில்லை. அது தொலைந்தால் மவுஸும் வீண்தான்.

நீங்கள் தேட வேண்டியது 'மல்டி டிவைஸ்' மவுஸ். இது 2 அல்லது 3 கம்ப்யூட்டர்களை நினைவில் வைத்திருக்கும். மவுஸில் உள்ள ஒரு பட்டனை அழுத்தினால் அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவிவிடும். உதாரணமாக, லாஜிடெக் நிறுவனத்தின் எம்720 ட்ரையத்லான் மாடலில் 3 கம்ப்யூட்டர்கள் வரை இணைக்கலாம். இப்போது எதில் இருக்கிறோம் என்பதை 1, 2, 3 என்ற எண்களில் எரியும் விளக்கு காட்டும்.

'6 சாதனங்கள்' என்று அட்டையில் போட்டிருக்கிறதே?

பலரையும் குழப்பும் வாசகம் இது. லாஜிடெக்கின் யூனிஃபையிங் ரிசீவர் 6 சாதனங்களை இணைக்கும் என்றால், 6 மவுஸ், கீபோர்டுகளை ஒரே கம்ப்யூட்டரில் இணைக்கலாம் என்று அர்த்தம். ஒரு மவுஸை 6 கம்ப்யூட்டரில் ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை. எனவே ரிசீவரின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். 'இந்த மவுஸ் எத்தனை கம்ப்யூட்டருக்கு மாறும்?' என்று கேளுங்கள்.

ப்ளூடூத்தா, ரிசீவரா?

உங்கள் கம்ப்யூட்டரைப் பொறுத்துதான் இதற்குப் பதில். இன்றைய லேப்டாப்களில் ப்ளூடூத் இருக்கும். ஆபீஸ்களில் உள்ள பழைய டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் இருக்காது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ப்ளூடூத் என்ற பெயர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிற கம்ப்யூட்டர் என்றால், புதிய ப்ளூடூத் மவுஸ்கள் பல அதில் இணையாது.

லேப்டாப்பில் யூஎஸ்பி துளைகள் குறைவு என்பதால் அதற்கு ப்ளூடூத் நல்லது. டெஸ்க்டாப்புக்கு ரிசீவர் வசதி. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது பயாஸ் திரைக்குள் போக வேண்டியிருந்தால் ப்ளூடூத் மவுஸ் பொதுவாக வேலை செய்யாது, ரிசீவர் மவுஸ் செய்யும். ஆக, டெஸ்க்டாப்பும் லேப்டாப்பும் கலந்து வைத்திருப்பவர்கள் இரண்டு வழியும் உள்ள மாடலை வாங்குவதே பாதுகாப்பு.

மவுஸ் திடீரென்று தடுமாறுகிறதா?

மவுஸ் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். யூஎஸ்பி 3.0 துளை, அதில் செருகிய ஹார்டு டிஸ்க் ஆகியவற்றிலிருந்து வரும் இரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பாதிக்கும். இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதை விளக்கியிருக்கிறது. ரிசீவரை வேறு துளைக்கு மாற்றுங்கள். அல்லது சின்ன யூஎஸ்பி நீட்டிப்பு கேபிளில் செருகி, மவுஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

பாதுகாப்பு விஷயத்தில் கவனம்!

கணக்கும் டிஜிட்டல் கையெழுத்தும் இருக்கும் கம்ப்யூட்டர் என்பதால் இதை அலட்சியம் செய்யக்கூடாது. 2016-ல் பாஸ்டில் என்ற அமெரிக்க பாதுகாப்பு நிறுவனம் 'மவுஸ்ஜாக்' என்ற ஓட்டையை வெளியிட்டது. பல நிறுவனங்களின் ரிசீவர்கள் வழியாக, தூரத்தில் இருக்கும் ஒருவர் உங்கள் கம்ப்யூட்டரில் தானே டைப் செய்வது போல கட்டளைகளை அனுப்ப முடியும் என்பதுதான் அது. ப்ளூடூத் மவுஸ்கள் இதில் சிக்கவில்லை. பழைய ரிசீவர் வைத்திருப்பவர்கள், அந்த நிறுவனத்தின் தளத்தில் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாத மலிவு மவுஸை வங்கி வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் தவிர்ப்பது நல்லது.

புது மவுஸே வாங்காமல் முடியுமா?

முடியும். இரண்டும் விண்டோஸ் கம்ப்யூட்டர், இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன என்றால், மைக்ரோசாஃப்டின் 'மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்' போதும். இலவசம்தான். 2023 முதல் இது பவர்டாய்ஸ் தொகுப்பில் கிடைக்கிறது. 4 கம்ப்யூட்டர்கள் வரை ஒரே மவுஸ், ஒரே கீபோர்டில் ஓட்டலாம். ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் ஐடி பிரிவிடம் கேட்டுவிட்டு நிறுவுங்கள்.

மல்டி டிவைஸ் மவுஸ் வாங்குபவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. பட்டனை அழுத்தினால் மவுஸ் மட்டும்தான் மாறும், கீபோர்டு பழைய கம்ப்யூட்டரிலேயே இருக்கும். மெயிலுக்கான வரியை டேலியில் டைப் செய்துவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. கீபோர்டையும் மாறக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் கேட்க வேண்டிய 4 கேள்விகள்:

1. எத்தனை கம்ப்யூட்டருக்கு மாறும்?
2. ப்ளூடூத், ரிசீவர் இரண்டும் உண்டா?
3. ரிசீவர் தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா?
4. வாரண்டி எவ்வளவு, ஜிஎஸ்டி பில் தருவீர்களா?

இந்த நாலுக்கும் பதில் தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள். பிராண்டு, கலர் எல்லாம் அப்புறம்தான்.