ஓட்டங்களின் கூட்டுத்தொகை

பந்தயம் என்றதும் யார் வெல்வார் என்ற கேள்விதான் நம் நினைவுக்கு வரும். அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தைச் சுற்றி வளர்ந்த பந்தய மரபில் வேறொரு கேள்வியும் உண்டு. இரண்டு அணிகளும் சேர்ந்து மொத்தம் எத்தனை ஓட்டங்கள் எடுக்கும்? புக்கி ஓர் எண்ணைச் சொல்வார். எட்டரை என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதும் அதற்கு மேலும் என்பவர் ஒரு பக்கம், எட்டும் அதற்குக் கீழும் என்பவர் மறுபக்கம். சமநிலை நேர்ந்து பணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்பதற்காகவே அந்த அரை. ஐந்துக்கு நான்கு என்று எவர் வென்றாலும் கணக்கு ஒன்பதுதான். அணிப்பற்று என்ற ஒன்றே தேவைப்படாத பந்தயம் இது. சொல்லப்போனால் அணிப்பற்று உள்ளவன் இதில் தோற்பான். ஆட்டத்தை எண்களாகப் பார்க்கப் பழகியவர்களுக்கே இது வசப்பட்டது. அந்தப் பார்வை எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப்போனால், சூதாட்டத்தைக் கடுமையாக வெறுத்த ஒரு மனிதரிடம் போய் நிற்கிறோம்.

ஹென்றி சாட்விக் 1824ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் பிறந்தவர். சிறுவனாக, 1837ல், குடும்பத்துடன் புரூக்ளின் வந்து சேர்ந்தார். முதலில் அவர் எழுதியது கிரிக்கெட் பற்றித்தான். பின்னர் பேஸ்பாலில் ஈடுபாடு கொண்டு, அந்த ஆட்டத்தின் வரவுசெலவுக் கணக்கை ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கிக் காட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். யார் எத்தனை அடித்தார், எத்தனை ஓட்டம் எடுத்தார், எத்தனை பிழை செய்தார் என்பதெல்லாம் மறுநாள் பத்திரிகையில் வரிசையாக நின்றது. ஆட்டத்தைக் காணாதவனும் அதை வாசிக்க முடிந்தது. வீரர்களின் தகுதியை ரசிகர்களின் கூச்சலிலிருந்து விடுவித்துக் கணக்கின் முன் நிறுத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். மைதானங்களில் வெளிப்படையாக நடந்த சூதாட்டத்தை அவர் எழுதி எழுதிக் கண்டித்தார்.

கிரிக்கெட்டிலிருந்து வந்தவர் என்பதன் தடயம் ஓரிடத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. பேஸ்பாலில் நான்கு முறை தவறான பந்து வந்தால் அடிப்பவர் ஓடாமலே முதல் தளத்துக்கு நடந்து செல்லலாம். சாட்விக் இதைக் கிரிக்கெட்டின் 'வைடு' போலக் கருதினார். அது பந்தெறிபவரின் பிழை, அடிப்பவருக்கு அதில் பெருமை ஏதுமில்லை. ஆகவே அடிச்சராசரிக் கணக்கில் அது சேரவில்லை. 1887ஆம் ஆண்டு ஒரே ஒரு பருவம் மட்டும் அதையும் அடியாகக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். ஆனால் நடந்து போனாலும் ஓடிப் போனாலும் தளத்தில் நிற்பவன் நிற்பவன்தான். அவனால்தான் ஓட்டங்கள் பிறக்கின்றன. ஏறத்தாழ நூறாண்டுகள் ரசிகர்களும் அணி நிர்வாகிகளும் ஓட்டத்தின் ஊற்றுக்கண்ணில் ஒன்றை எண்ணாமலே விட்டிருந்தார்கள். பின்னாளில் மொத்த ஓட்டங்களைக் கணித்தவர்களுக்குக் கிடைத்த ஆதாயத்தில் ஒரு பகுதி இந்தப் பழைய மறதியிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

சாட்விக் அஞ்சியதுபோலவே நடந்தது. 1876ல் நேஷனல் லீக் தொடங்கிய மறு ஆண்டே லூயிவில் அணியின் நான்கு வீரர்கள் பணத்துக்காகத் தோற்றதாக நீக்கப்பட்டார்கள். 1919ல் சிகாகோ வைட் சாக்ஸ் அணியினர் எட்டுப் பேர் இறுதித் தொடரை விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டதும், 1921ல் நீதிமன்றம் விடுவித்த பிறகும் ஆணையர் லேண்டிஸ் அவர்களை ஆயுளுக்கும் விலக்கியதும் பலரும் அறிந்த கதை. இவையெல்லாம் வெற்றி தோல்வி மீதான பந்தயத்தின் விளைவுகள். அதை வளைக்க வேண்டுமானால் சில வீரர்களை விலைக்கு வாங்கினால் போதும்.

1940களில் சிகாகோவில் சார்லஸ் மெக்நீல் என்ற கணித ஆசிரியர் புக்கியாக மாறினார். எந்த அணி வெல்லும் என்று கேட்பதைவிட எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று கேட்கும் முறை அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் அது பொருந்தியது. பேஸ்பாலுக்குப் பொருந்தவில்லை. காரணம் எளியது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுக்கும் சராசரி ஓட்டம் நான்கரை அளவில்தான் நிற்கிறது. ஒரே ஓட்டத்தில் முடியும் ஆட்டங்கள் ஏராளம். வித்தியாசத்தின் மீது பந்தயம் கட்ட அங்கே இடம் போதாது. கூட்டுத்தொகையில் அந்த இடம் இருந்தது.

இந்த இடத்தில் வரலாறு சூதாடிகளை விட்டு விலகி, முற்றிலும் வேறான ஒருவரிடம் செல்கிறது. ஜார்ஜ் லிண்ட்சே கனடா நாட்டின் பாதுகாப்பு ஆய்வுத் துறையில் பணிபுரிந்தவர். 1959, 1961, 1963 ஆகிய ஆண்டுகளில் அவர் எழுதிய மூன்று ஆய்வுரைகள் பேஸ்பாலின் ஓட்டங்களை முதன்முறையாக ஒழுங்குடன் ஆராய்ந்தவற்றில் அடங்கும். தரவுகளைச் சேகரித்தவர் அவருடைய தந்தை. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஒவ்வொரு நிகழ்வாகக் கையால் குறித்துவைத்தார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தமானவர் அந்த முதியவர்தான். பணமும் புகழும் கருதாமல் பென்சிலோடு உட்கார்ந்திருந்தவர்.

அவர் குறித்துவைத்ததிலிருந்து மகன் ஓர் அட்டவணை செய்தார். முதல் தளத்தில் ஒருவர் நிற்கிறார், இன்னும் எவரும் அவுட் ஆகவில்லை என்றால், அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக 0.813 ஓட்டம் கிடைக்கும். தன்னைப் பலிகொடுத்து அவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்தினால், ஒரு அவுட்டுடன் அது 0.671 ஆகக் குறைந்துவிடும். தலைமுறை தலைமுறையாகப் பயிற்சியாளர்கள் மெச்சிய தியாக ஆட்டம் பொதுவாக ஓட்டங்களைக் குறைக்கிறது என்பது இரண்டு தசம எண்களில் வெளியாயிற்று. ஆட்டத்தின் எந்தக் கணத்திலும் 'இனி எத்தனை?' என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு கருவி பிறந்துவிட்டது. லிண்ட்சே அதைப் பந்தயத்துக்காகச் செய்யவில்லை.

நளன் கதையில் இருதுபன்னன் தேரில் போகும்போதே தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் எண்ணிச் சொல்கிறான். எண்ணும் வித்தையும் பகடையின் மர்மமும் அவனிடம் ஒன்றாகவே இருக்கின்றன; நளனுக்கு இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறான். பழையவர்களுக்கு இந்த உறவு தெரிந்தேயிருந்தது.

1977ல் கான்சஸ் மாநிலத்தில் ஓர் உணவுப் பதனத் தொழிற்சாலையில் இரவுக் காவல் பணியிலிருந்த பில் ஜேம்ஸ் தன் முதல் பேஸ்பால் புள்ளிவிவரத் தொகுப்பைத் தானே அச்சிட்டு விற்றார். அவர் வகுத்த சூத்திரம் ஒன்று மிக எளியது. அடிகளையும் நடைகளையும் கூட்டி, மொத்தத் தளங்களால் பெருக்கி, கிடைத்த வாய்ப்புகளால் வகுத்தால், அந்த அணி எடுத்திருக்க வேண்டிய ஓட்டங்கள் ஏறக்குறைய வந்துவிடும். சாட்விக் தள்ளிவைத்த நடை இங்கே திரும்பவும் உள்ளே வந்தது. 1989ல் டெலவேர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் டேவிட் ஸ்மித் தொடங்கிய ரெட்ரோஷீட் என்ற அமைப்பு, பழைய ஆட்டங்களின் குறிப்பேடுகளைத் திரட்டி எவருக்கும் இலவசமாகக் கொடுத்தது. காவலாளி, உயிரியலாளர், ஓய்வுபெற்ற படைவீரர் என்று இவர்கள் எல்லோருமே அமெச்சூர்கள்.

இதற்கிடையே நெவாடாவில் பந்தயத் தொழில் மெல்ல விரிந்துகொண்டிருந்தது. 1951 முதல் அமெரிக்க அரசு ஒவ்வொரு பந்தயத் தொகையிலும் பத்து விழுக்காடு வரி விதித்துவந்தது. 1974ல் அது இரண்டு விழுக்காடாகக் குறைந்தது. இது ஏன் முக்கியம் என்பதற்குச் சிறு கணக்குப் போதும். வழக்கமான மொத்த ஓட்டப் பந்தயத்தில் நூறு டாலர் வெல்ல நூற்றுப்பத்து டாலர் கட்ட வேண்டும். நூறு முறையில் ஐம்பது முறை சரியாகச் சொன்னால் நஷ்டம். 52.38 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கையைக் கடிக்காது. எத்தனை நுட்பமான கணக்கரும் ஐம்பத்தைந்தைத் தொட்டால் அது பெரிய காரியம். அந்த மெல்லிய இடைவெளியில் பத்து விழுக்காடு வரியும் புகுந்தால் மிஞ்சுவது எதுவுமில்லை.

அந்த இடைவெளியைத் தேடியவர்கள் ஆட்டக்காரர்களைவிட ஆடுகளத்தை அதிகம் கவனித்தார்கள். சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் மிச்சிகன் ஏரியிலிருந்து காற்று உள்நோக்கி வீசினால் பந்து மேலேயே நின்று கீழே விழும். வெளிநோக்கி வீசினால் சாதாரண அடியும் வேலியைத் தாண்டும். 1979 மே 17 அன்று அங்கே பிலடெல்பியா 23, சிகாகோ 22 என்று பத்து இன்னிங்ஸில் ஆட்டம் முடிந்தது. அன்று காற்று வெளியே வீசிக்கொண்டிருந்தது. வேறு சில நுணுக்கங்களும் இருந்தன. ஓட்டங்கள் தனித்தனியே விழுவதில்லை, கொத்துக்கொத்தாக வருகின்றன. ஆகவே சராசரியை மட்டும் வைத்துப் பாடநூல் சூத்திரம் போடுபவர் ஏமாறுவார். வரிசையின் சிறந்த அடிப்பவர்கள் வருவதால் முதல் இன்னிங்ஸில் ஓட்டம் கூடுதல். உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி ஆடப்படுவதே இல்லை. யார் வெல்வார் என்ற கேள்வி அங்கே மட்டும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

டென்வர் நகரத்தின் கதை இன்னும் சுவையானது. கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் 1995ல் திறக்கப்பட்ட கூர்ஸ் மைதானத்தில் காற்று மெலிந்தது. 1996ல் அங்கே ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 15 ஓட்டங்கள் விழுந்தன. இதை முதலில் உணர்ந்தவர் மேலே என்று கட்டி வென்றிருக்கலாம். ஆனால் புக்கிக்கும் செய்தித்தாள் வரும். எண் ஏறிவிட்டது, டென்வரில் ஓட்டங்கள் அதிகம் என்ற அறிவுக்கு அதன்பின் ஒரு காசும் பெறுமானமில்லை. உண்மையை அறிந்தால் மட்டும் இங்கே போதாது. பிறர் அறியாத உண்மையாக அது இருக்கவேண்டும். 2002ல் மைதான நிர்வாகம் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைக்கத் தொடங்கியதும் ஓட்டங்கள் குறைந்தன. ஏழாண்டுத் தரவுகள் ஒரே பருவத்தில் பழங்கணக்காயின. 1968ல் ஓர் அணியின் சராசரி 3.42 ஓட்டமாகச் சரிந்தபோது, மறு ஆண்டே பந்தெறியும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து பத்தாகக் குறைத்தார்கள். பந்தயக்காரன் இயற்கையைப் படிப்பதாக எண்ணிக்கொள்கிறான். அவன் படிப்பது ஒரு குழு கூடித் திருத்திக்கொண்டேயிருக்கும் சட்டப் புத்தகத்தை.

ராக்ஸி ராக்ஸ்பரோ இதைப் புரிந்துகொண்டவர். பேஸ்பாலின் மொத்த ஓட்டங்களில் பந்தயம் கட்டித் தேர்ந்த அவர், 1982ல் லாஸ் வேகாஸில் ஒரு நிறுவனம் தொடங்கி, சூதாட்ட விடுதிகளுக்கே எண் வகுத்துக் கொடுப்பவரானார். எண்ணை முறியடிப்பதைவிட எண்ணை விற்பது நிலையான தொழில்.

2018 மே மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம், மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதைத் தடுத்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. பந்தயம் கைபேசிக்கு வந்தது. ஆட்டத்தின் கூட்டுத்தொகையிலிருந்து இன்னிங்ஸின் கூட்டுத்தொகைக்கும், பிறகு ஒவ்வொரு பந்துக்கும் இறங்கியது. அடுத்த பந்து எத்தனை வேகம், நல்ல பந்தா தவறான பந்தா என்பதெல்லாம் விலைப்பட்டியலில் ஏறின. இரண்டு அணிகளும் சேர்ந்து மூன்று மணி நேரத்தில் உண்டாக்கும் ஓர் எண்ணை ஒரு தனி மனிதர் விரும்பிய பக்கம் திருப்புவது கடினம். ஒரு பந்தைத் திருப்புவதற்கு ஒரு மணிக்கட்டு போதும். 2025 நவம்பரில் கிளீவ்லாந்து அணியின் பந்தெறிபவர்கள் இருவர், பந்தயக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குறிப்பிட்ட பந்துகளைத் தவறாக எறிந்ததாக அரசுத் தரப்பு குற்றம் சாட்டியது, இருவரும் மறுத்தார்கள். அதையடுத்துப் பந்தய நிறுவனங்கள் பேஸ்பால் நிர்வாகத்துடன் பேசி, ஒரு தனிப் பந்தின் மீது 200 டாலருக்கு மேல் கட்ட முடியாது என்று வரம்பு வைத்தன. மொத்த ஓட்டங்களின் மீதான பந்தயத்தை அந்த வரம்பு தொடவில்லை.