திரையை இரண்டாகப் பிரித்தவர்கள்

எமது பாடசாலைக் கணினி அறையின் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் நிறுவினோம். வேகம் கூடியது, ஆனால் கை தடுமாறியது. விண்டோஸில் டோட்டல் கமாண்டரோடு பழகியிருந்தோம்: இடப்பக்கம் பென் டிரைவ், வலப்பக்கம் கணினி, எஃப்5 அழுத்தினால் பிரதியாகிவிடும். லினக்ஸுக்கு அந்த மென்பொருள் இல்லை. சாளரம் சாளரமாகத் திறந்து பிரதி செய்ததில், ஒரு வகுப்புப் பிள்ளைகளின் செயற்றிட்டக் கோப்புகள்மீது மற்ற வகுப்பின் கோப்புகள் விழுந்து அழிந்தன. தவறு எங்களுடையதுதான். அதன் பிறகே மாற்று தேடினோம். தேடப்போய் ஒரு வரலாறே கிடைத்தது.

இந்த இரட்டைத் திரை டோட்டல் கமாண்டரின் கண்டுபிடிப்பு அல்ல. டொஸ் காலத்தில் ஜோன் சோச்சா எழுதி, 1986இல் பீட்டர் நோர்ட்டனின் நிறுவனம் வெளியிட்ட நோர்ட்டன் கமாண்டர்தான் இதைப் பரப்பியது. நீலத் திரை, இரண்டு பட்டியல்கள், நடுவே தாவ டப் விசை. எஃப்5 பிரதி, எஃப்6 இடமாற்றம், எஃப்8 அழித்தல். 1990இல் அந்த நிறுவனத்தை சிமான்டெக் வாங்கியது. நோர்ட்டன் கமாண்டர் 90களோடு முடிந்துபோனது. உரிமையாளர் கைவிட்டால் விலைக்கு வாங்கியவரும் கைவிடப்படுகிறார்.

ஆனால் அதன் அமைப்பு பிழைத்துக்கொண்டது. 1993இல் சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் அதே அமைப்பை விண்டோஸுக்குக் கொண்டுவந்தார். அதுவே நாம் பழகிய டோட்டல் கமாண்டர். 1994இல் மெக்சிக்கோவின் மிகெல் டி இகாசா மிட்நைட் கமாண்டரைத் திறந்த மூலமாக எழுதத் தொடங்கினார். அது முனையத்திலேயே ஓடும், எவ்வளவு பழைய கணினிக்கும் பாரமில்லை. 2000இல் கேடிஈக்காக குருசேடர் வந்தது. பின்னர் வந்த டபிள் கமாண்டர், டோட்டல் கமாண்டரைப் பார்த்தே செய்யப்பட்டது. எமக்கு ஒட்டியது அதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நோம் திட்டத்தை 1997இல் தொடக்கியவர்களில் ஒருவர் அதே டி இகாசா. அந்த நோமின் கோப்பு முகாமையாளர் நோட்டிலஸ், எஃப்3 அழுத்தினால் இரண்டாகப் பிரியும் வசதியை 2012இல் நீக்கிவிட்டது! எமக்கு அது சரியாகப் படவில்லை. மின்ட் குழுவினருக்கும் அப்படித்தான் போலும். நோட்டிலஸின் மூல நிரலை எடுத்து நெமோ என்று தனியாக வளர்த்து, அந்த வசதியை அதில் வைத்துக்கொண்டார்கள். மூல நிரல் பூட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

ஆக, நாம் தேடியதில் பாதி அந்தக் கணினிகளிலேயே இருந்திருக்கிறது. மின்ட் வைத்திருக்கும் ஆசிரியர்கள் கோப்புறையைத் திறந்து எஃப்3 அழுத்திப் பாருங்கள். அது போதாவிட்டால் டபிள் கமாண்டரை நிறுவுங்கள், இலவசம்தான். அங்கும் எஃப்5 பிரதி.